'கிரீன் சர்டிஃபைடு' ஃபிளாட் வெயில் காலத்தில் உண்மையில் குளிருமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓஎம்ஆர் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 'மாடல் ஃபிளாட்' பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஏசி ஜில்லென்று ஓடுகிறது. சுவரில் பச்சை இலை போட்ட பலகை. "இது கிரீன் சர்டிஃபைடு புராஜெக்ட் சார், கரெண்ட் பில் பாதியா குறையும்" என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. சதுர அடிக்குச் சில நூறு ரூபாய் கூடுதல் விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

குடிபோன பிறகு முதல் மே மாதம் வருகிறது. இரவு பத்து மணிக்குப் படுக்கையறைக் கூரையைத் தொட்டால் சுடுகிறது. ஃபேன் போட்டால் மேலேயிருந்து அனல் இறங்குகிறது. ஏசியை 20-ல் வைத்தும் அறை குளிர ஒரு மணி நேரம் ஆகிறது. மின் கட்டண ஸ்லாப் ஏறுகிறது, யூனிட் விலையும் கூடவே ஏறுகிறது.

சான்றிதழ் பொய்யா? பெரும்பாலும் இல்லை. அந்தச் சான்றிதழ் எதை அளந்தது, எப்போது அளந்தது என்று நாம் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை. 20 வருட இஎம்ஐ-க்குக் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் புரிந்துகொள்வது நல்லது.

யார் யார் சான்றிதழ் கொடுக்கிறார்கள்?

இந்தியாவில் வீடுகளுக்கு 'பசுமை' முத்திரை கொடுக்கும் அமைப்பு ஒன்று மட்டும் இல்லை. அடிக்கடி காதில் விழும் பெயர்கள் நான்கு.

ஐஜிபிசி: இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சில். இந்தியத் தொழில் கூட்டமைப்பான சிஐஐ-யின் ஓர் அங்கம். 2001-ல் தொடங்கப்பட்டது, தலைமையகம் ஹைதராபாத். சர்டிஃபைடு, சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று தரம் பிரிக்கிறது. சென்னை ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் 'பிளாட்டினம்' என்று பார்த்தால் அநேகமாக இதுதான்.

கிரிஹா: டெரி ஆய்வு நிறுவனமும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த இந்தியத் தர மதிப்பீடு. 1 முதல் 5 நட்சத்திரம் வரை கொடுக்கும்.

எட்ஜ்: உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி உருவாக்கியது. வழக்கமான கட்டிடத்தோடு ஒப்பிட்டு மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருட்களைத் தயாரிக்கச் செலவாகும் ஆற்றல் ஆகிய மூன்றிலும் தலா 20 சதவீதமாவது மிச்சம் காட்ட வேண்டும்.

பிஇஇ நட்சத்திர லேபிள்: ஃபிரிட்ஜ், ஏசி மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரைக் கொடுக்கும் அதே மத்திய அரசு அமைப்பு, எரிசக்தி சிக்கனப் பணியகம், வீடுகளுக்கும் 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் தேவைப்படும் என்பதுதான் இதன் அளவுகோல்.

முதல் இரண்டுக்கும் கடைசி ஒன்றுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பிளாட்டினம் என்றால் பில் குறையுமா?

ஐஜிபிசி, கிரிஹா போன்றவை மதிப்பெண் முறையில் இயங்குபவை. மழைநீர் சேகரிப்புக்கு இத்தனை புள்ளி, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு இத்தனை, மரங்களைக் காப்பாற்றினால் இத்தனை, உள்ளூர்ப் பொருட்களைப் பயன்படுத்தினால் இத்தனை, மின்சாரச் சிக்கனத்துக்கு இத்தனை என்று கூட்டிக்கொண்டே போவார்கள். எல்லாமே நல்ல விஷயங்கள்தான். சென்னை மாதிரி ஊரில் தண்ணீருக்குக் கிடைக்கும் புள்ளி சும்மா இல்லை.

ஆனால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நினைத்துப் பாருங்கள். மொத்த மதிப்பெண் 450 என்றால் கணக்கில் எவ்வளவு என்று தெரியாது. அதேபோல, மொத்தத்தில் உயர்ந்த தரம் வாங்கிய இரண்டு கட்டிடங்களில் ஒன்று வெப்பத்தைத் தடுப்பதில் கெட்டியாக இருக்கலாம், இன்னொன்று குறைந்தபட்சத் தேவையை மட்டும் பூர்த்தி செய்துவிட்டு மற்ற பாடங்களில் மார்க் அள்ளியிருக்கலாம். பலகையில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும்.

அடுத்தது, 'எப்போது' என்ற கேள்வி. கட்டிடம் எழும்புவதற்கு முன்பே, வரைபடத்தையும் திட்டத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுவது முன்சான்றிதழ், அதாவது பிரீ-சர்டிஃபிகேஷன். "இப்படிக் கட்டினால் இந்தத் தரம் கிடைக்கும்" என்பது மட்டுமே அதன் அர்த்தம். கட்டி முடித்து, ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு கிடைப்பதுதான் இறுதிச் சான்றிதழ். எட்ஜ் முறையிலும் வடிவமைப்புக் கட்டத்துக்கு ஒன்று, கட்டி முடித்து நேரில் தணிக்கை செய்த பிறகு ஒன்று என இரண்டு உண்டு.

இடையில் என்ன நடக்கலாம்? திட்டத்தில் இருந்த வெப்பம் தடுக்கும் கண்ணாடி விலை ஏறியதால் சாதாரணக் கண்ணாடியாக மாறலாம். மொட்டை மாடியில் போட வேண்டிய இன்சுலேஷன் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுபடலாம். ஃபிளாட்கள் பெரும்பாலும் விற்கப்படுவதோ முன்சான்றிதழ் கட்டத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பசுமைத் தர மதிப்பீடு விருப்பப்பட்டால் வாங்குவது. அதற்கு வெளியே அரசின் விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் 2018 டிசம்பர் 14 அன்று, தேசிய எரிசக்தி சிக்கன நாளில், மத்திய மின்துறை அமைச்சகம் இதை வெளியிட்டது. 500 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டே கால் கிரவுண்டு, அதற்கு மேற்பட்ட மனையில் எழும் குடியிருப்புகளுக்கானது.

இதன் முதல் பகுதி ஏசி, ஃபேன், விளக்கு எதையும் பார்ப்பதில்லை. கட்டிடத்தின் சுவர், கூரை, ஜன்னல் ஆகியவற்றை மட்டும் பார்க்கிறது. காரணம் எளிது. ஏசியை ஏழு வருடத்தில் மாற்றிவிடலாம். சுவரை மாற்ற முடியாது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி 'வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த' மண்டலத்தில் வருகிறது. நமக்கு இந்த விதித்தொகுப்பில் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் மூன்று.

15: கோடைக்காலத்தில் சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் சராசரி வெப்பம், வெளிப்புறப் பரப்பில் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. இதன் பெயர் ஆர்இடிவி.

1.2: கூரை எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைக் காட்டும் 'யு-வேல்யூ' 1.2-க்கு மேல் போகக் கூடாது. இந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

16.66: திறந்து காற்று வாங்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு, வீட்டின் கார்பெட் ஏரியாவில் 16.66 சதவீதமாவது, அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

2022-ல் எரிசக்தி சிக்கனச் சட்டம் திருத்தப்பட்டு, 100 கிலோவாட் இணைப்புச் சுமை கொண்ட பெரிய குடியிருப்புக் கட்டிடங்களும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. மாநிலங்கள் விரும்பினால் இந்த வரம்பை இன்னும் குறைக்கலாம். ஆனால் கட்டிட அனுமதி என்பது மாநில அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் கையில் இருக்கும் விஷயம். டெல்லியில் வெளியான விதி உங்கள் வீட்டுச் சுவர் வரை தானாக வந்து சேர்ந்துவிடாது. அதனால்தான் வாங்குபவரே இந்த எண்களைக் கேட்டுவாங்க வேண்டியிருக்கிறது.

ஒரே வீடு, மூன்று சுவர்கள்

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிச்சுவர்ப் பரப்பில் 15 சதவீதம் ஜன்னல், மீதி சுவர். ஜன்னலில் சாதாரணக் கண்ணாடி, நிழல் எதுவும் இல்லை. விதித்தொகுப்பின் சூத்திரத்தில், திசைக்கான திருத்தத்தை மட்டும் எளிமைக்காக ஒதுக்கிவிட்டு, மூன்று வகைச் சுவர்களைப் பொருத்தினால் வருவது இது:

9 அங்குலச் செங்கல் சுவர்: சுமார் 18 வாட்.

15 செ.மீ. கான்கிரீட் சுவர்: சுமார் 25 வாட்.

20 செ.மீ. ஏஏசி பிளாக் சுவர்: சுமார் 12 வாட்.

வரம்பு 15 என்பதை மறந்துவிடாதீர்கள். இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது சுவர். இன்று உயரமான அடுக்குமாடிகள் பலவும் அலுமினியம் ஃபார்ம்வொர்க் முறையில், சைட்டில் 'மிவான்' என்று சொல்வார்களே அந்த முறையில், சுவரையும் தளத்தையும் ஒன்றாகவே கான்கிரீட்டில் வார்த்துக் கட்டப்படுகின்றன. வேலை வேகமாக முடியும், சுவர் வழவழப்பாக இருக்கும், பலமும் அதிகம். ஆனால் வெறும் கான்கிரீட், செங்கல்லைவிட எளிதாக வெப்பத்தைக் கடத்தும். தாத்தா கட்டிய செங்கல் வீட்டைவிட பேரன் வாங்கிய புது ஃபிளாட் வெக்கையாக இருக்க இதுவும் ஒரு காரணம். ஏஏசி பிளாக்கினுள் லட்சக்கணக்கான காற்றுக் குமிழ்கள் அடைபட்டிருப்பதால் வெப்பம் மெதுவாகவே ஊடுருவும்.

இப்போது ஜன்னலை மாற்றிப் பார்ப்போம். நல்ல சன்ஷேடும் தரமான கண்ணாடியும் போட்டு, ஜன்னல் வழியே வரும் வெயிலைப் பாதியாகக் குறைத்தால், செங்கல் சுவர் வீடு சுமார் 14-க்கு வந்து பாஸாகிவிடுகிறது. கான்கிரீட் வீடு அப்போதும் 21-ல் நிற்கிறது. வெளிப்புறத்தில் இன்சுலேஷன் ஒட்டாமல் அது தேறாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏஏசி சுவர்தான், ஆனால் 'வியூ' வேண்டும் என்று ஜன்னலை 15-லிருந்து 30 சதவீதமாக்கி நிழலில்லாத சாதாரணக் கண்ணாடியைப் போட்டால், 12-ல் இருந்தது 21-க்குத் தாவிவிடுகிறது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்த வீடு புகைப்படத்தில் அழகு. மாலை நான்கு மணிக்கு மேற்குப் பார்த்து உட்கார்ந்தால் தெரியும் சேதி.

டாப் ஃபுளோர் ஏன் அடுப்பாகிறது?

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வரும். பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் நடுவில் மறுபடியும் உச்சிக்குத் திரும்பும். அக்னி நட்சத்திர நாட்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். தெற்குச் சுவரில் அப்போது நேரடி வெயில் கிட்டத்தட்ட இல்லை. காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு, நாள் முழுக்க மொட்டை மாடி. நம் வீட்டின் முதல் எதிரி கூரைதான்.

15 செ.மீ. கான்கிரீட் தளத்தின் யு-வேல்யூ சுமார் 3. வெயிலில் காய்ந்த மாடி 60 டிகிரி, வீட்டுக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டர் கூரை வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் 3 × 100 × 30, அதாவது 9,000 வாட். ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். ஆக, கூரை வழியே வருவதைச் சமாளிக்க மட்டுமே இரண்டரை டன் ஏசி வேண்டும்.

விதி சொல்லும் 1.2-க்குக் கூரையைக் கொண்டுவந்தால் அது 3,600 வாட்டாக, அதாவது ஏறக்குறைய ஒரு டன்னாகக் குறைகிறது. இது எளிமையாக்கிய கணக்குதான். கான்கிரீட் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாகக் கக்கும் என்பதால் உண்மையில் இந்த வெப்பம் சில மணி நேரம் தள்ளி வந்து சேரும். இரவு பத்து மணிக்குக் கூரை சுடுவதன் ரகசியம் அதுதான்.

1.2-க்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? தளத்தின் மேல் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை போதும். கணக்குப்படி யு-வேல்யூ 0.9-க்கும் கீழே வந்துவிடும். அதன் மேல் தண்ணீர் ஓடும் சரிவோடு வெதரிங் கோர்ஸ், அதற்கு மேல் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ். கட்டும்போதே செய்தால் இது பெரிய வேலையில்லை. கட்டிய பிறகு செய்தால் வாட்டர்புரூஃபிங்கைப் பெயர்த்துச் செய்ய வேண்டியிருக்கும்.

ஜன்னல் இருக்கிறது, காற்று வருமா?

600 சதுர அடி கார்பெட் ஏரியா வீட்டுக்கு 16.66 சதவீதக் கணக்கில் 100 சதுர அடி திறப்பு வேண்டும். இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு பாதிதான் ஒரு நேரத்தில் திறக்கும். 4-க்கு 4 அடி ஜன்னல் என்று பிளானில் 16 சதுர அடி காட்டினாலும் காற்றுக்குக் கிடைப்பது 8 தான். பழைய மாதிரி வெளியே திறக்கும் கதவு போட்ட ஜன்னல் என்றால் ஏறக்குறைய முழுவதும் திறக்கும்.

எதிரெதிர்ச் சுவரில் திறப்பு இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். நடுவில் காரிடார், இரண்டு பக்கமும் வீடுகள் என்ற அமைப்பில், ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள ஃபிளாட்டில் சாயங்காலக் கடல் காற்று வாசல் வரை வந்து திரும்பிப் போகும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. முற்றமும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய வீடுகளில் இதே பாடம்தான் இருந்தது. நவீன கான்கிரீட் கட்டிடத்திலும் இதைச் செய்யலாம் என்பதற்குப் புதுச்சேரியில் ஓர் உதாரணம் நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதியை 1930-களில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்தார். பிற்காலத்தில் மரச்சாமான்களுக்காக உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா அந்தப் பணியில் இருந்தார். வடக்கு, தெற்கு முகங்கள் முழுக்கத் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள். வெயில் உள்ளே வராது, காற்று வரும். கூரைத் தளத்துக்கு மேலே, நடுவில் காற்று புகும்படி வளைந்த கான்கிரீட் ஓடுகள். எந்த நட்சத்திரச் சான்றிதழும் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

அளந்து பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ்

உலக அளவில் வீடுகளுக்கான கறாரான சான்றிதழ் எது என்று கேட்டால் பலரும் ஜெர்மனியின் 'பாசிவ்ஹவுஸ்' முறையைச் சொல்வார்கள். ஸ்வீடன் பேராசிரியர் போ ஆடம்சனும் ஜெர்மன் இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்ட்டும் 1988-ல் பேசத் தொடங்கிய யோசனை. டார்ம்ஸ்டாட் நகரில் ஒட்டினாற்போல் நான்கு வீடுகள் கட்டப்பட்டு 1991-ல் குடியேறினார்கள்.

விதி இதுதான்: வீட்டைக் கதகதப்பாக வைக்க வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட் ஆற்றலுக்கு மேல் தேவைப்படக் கூடாது. கனமான இன்சுலேஷன், மூன்றடுக்குக் கண்ணாடி, எங்கும் இடைவெளி இல்லாத கட்டுமானம், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் காற்றோட்டக் கருவி ஆகியவை அதற்கான வழிகள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கடைசிக் கட்டச் சோதனை. கட்டி முடித்த வீட்டின் வாசலில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்திக் காற்றழுத்தத்தை 50 பாஸ்கல் மாற்றி, எங்கெங்கே காற்று கசிகிறது என்று அளப்பார்கள். ஒரு மணி நேரத்தில் வீட்டிலுள்ள காற்றின் கொள்ளளவில் 0.6 மடங்குக்கு மேல் கசிந்தால் சான்றிதழ் இல்லை. பிளானில் என்ன எழுதியிருந்தாலும் கட்டிய வீடுதான் பரீட்சை எழுத வேண்டும்.

இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியுமா? அங்கே பிரச்சினை குளிர், இங்கே வெக்கையும் புழுக்கமும். வருடத்தில் பல மாதங்கள் ஜன்னலைத் திறந்து ஃபேனில் சமாளிக்கும் வீட்டுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறைக்குக் கசிவில்லாத ஜன்னல் மிகவும் பயன்படும். உள்ளே புகும் வெளிக்காற்றின் ஈரத்தை உலர்த்தவே ஏசி நிறைய உழைக்கிறது. கடன் வாங்க வேண்டியது ஜெர்மனியின் கண்ணாடியை அல்ல, கட்டிய பிறகு அளக்கும் பழக்கத்தை.

"சோலார் இருக்கே, அது போதாதா?"

பலர் கேட்கும் கேள்வி. 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் கிடைக்கிறது. தனி வீட்டுக்காரருக்கு நல்ல வாய்ப்புதான். ஆனால் அடுக்குமாடியில் 60 வீட்டுக்கும் சேர்த்து ஒரே மொட்டை மாடி. அதில் வாட்டர் டேங்க், லிஃப்ட் ரூம் போக மிஞ்சும் இடத்தில் வரும் மின்சாரம் பெரும்பாலும் லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்கே சரியாகப் போகும். உங்கள் படுக்கையறை ஏசிக்கு வராது.

தவிர, சோலார் தயாரிப்பது பகலில், ஏசி ஓடுவது இரவில். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பதைவிட, முதலில் ஓட்டையை அடைப்பது மலிவு. கூரை, நிழல், காற்று என்ற வரிசையில் சரிசெய்துவிட்டு, பிறகு ஃபேன், ஏசி, கடைசியில் சோலார் என்று போவதே சிக்கனம். சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுற்றுவட்டாரத்தில் முடித்துக்கொள்ளும். 24 டிகிரியில் ஏசியும் மெதுவாக ஒரு ஃபேனும் சேர்ந்தால் பலருக்கும் தூக்கம் வந்துவிடும்.

பில்டரிடம் என்ன கேட்கலாம்?

1. சான்றிதழ் முன்சான்றிதழா, இறுதிச் சான்றிதழா? முன்சான்றிதழ் என்றால், இறுதிச் சான்றிதழை எப்போது, யார் வாங்கித் தருவார்கள்? இது ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

2. மதிப்பெண் பட்டியலைக் காட்ட முடியுமா? அதில் எரிசக்திப் பிரிவில் மட்டும் எத்தனைக்கு எத்தனை?

3. ஆர்இடிவி எவ்வளவு? கூரையின் யு-வேல்யூ எவ்வளவு? 'பார்த்துச் சொல்றோம்' என்று பதில் வந்தால், யாரும் கணக்குப் போடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. வெளிச்சுவர் எதனால் ஆனது? கான்கிரீட் என்றால் இன்சுலேஷன் உண்டா?

5. டாப் ஃபுளோர் என்றால்: தளத்தின் மேல் என்னென்ன அடுக்குகள் வருகின்றன, எத்தனை மி.மீ. கனத்தில்?

6. மேற்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு வெளிப்புற நிழல் என்ன? உள்ளே போடும் திரைச்சீலை கணக்கில் வராது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் உள்ளே வந்தது வந்ததுதான்.

7. ஜன்னலில் எத்தனை சதவீதம் திறக்கும்?

இவற்றுக்கான பதில்களை வாட்ஸ்அப்பில் வாங்கி வைப்பதைவிட, விற்பனை ஒப்பந்தத்தின் 'ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியில் எழுத வைப்பது மேல். ரெரா சட்டம் 2016 இங்கே உங்கள் பக்கம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அதன் 13-வது பிரிவு. அனுமதிக்கப்பட்ட பிளானையும் ஸ்பெசிஃபிகேஷனையும் பெற வாங்குபவருக்கு உரிமை உண்டு என்கிறது 19-வது பிரிவு. விளம்பரத்திலோ கையேட்டிலோ இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டால், இழப்பீடு கேட்கவும், விலகிக்கொள்ள நினைத்தால் போட்ட பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் 12-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. அதனால் இலை போட்ட அந்த விளம்பரக் கையேட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அதுவே உங்கள் ஆதாரம்.

ஏற்கெனவே குடிவந்துவிட்டால்?

டாப் ஃபுளோர் என்றால் அசோசியேஷனில் பேசி மொட்டை மாடிக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடிப்பதில் தொடங்கலாம். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் அவ்வப்போது கழுவ வேண்டும். அடுத்த முறை வாட்டர்புரூஃபிங் மாற்றும்போது அதோடு சேர்த்து இன்சுலேஷன் போட்டுவிட்டால் இரட்டைச் செலவு மிச்சம். அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் போடுவதைவிட மேலே போடுவதே நல்லது. அப்போதுதான் கான்கிரீட் சூடாவதே தடுக்கப்படும்.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ ரோலர் பிளைண்டோ கட்டினால், உள்ளே போடும் கனமான திரையைவிட அதிகம் உதவும். ஏசி அறையின் ஜன்னல் விளிம்பு, கதவடி இடைவெளிகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

இன்னும் வாங்கவில்லை என்றால், எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதே பில்டர் ஏற்கெனவே கட்டி முடித்த கட்டிடத்துக்கு ஏப்ரல், மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். மேல் மாடியில் குடியிருக்கும் யாரிடமாவது பேசுங்கள். கோடைக்கால மின் கட்டணம் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். அனுமதித்தால் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மாடல் ஃபிளாட்டின் ஏசி சொல்லாததை அந்தச் சுவர் சொல்லிவிடும்.